ஒரே சுற்று, இரண்டு பெட்டிகள்: எஃபெக்ட்ஸ் பெட்டிக்குப் பாகம் வாங்குவது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நண்பர் ஒருவர் கிட்டாரின் ஒலியை மாற்றித் தரும் எஃபெக்ட்ஸ் பெட்டி ஒன்றை வடிவமைத்தார். முதல் பெட்டி எடுத்த எடுப்பிலேயே ஒழுங்காக வேலை செய்தது. சில மாதங்கள் கழித்து அதே அச்சுப் பலகை, அதே மென்பொருள், அதே துளை வரைபடம் ஆகியவற்றை வைத்து இரண்டாவது பெட்டியைக் கட்டினார். பாகப் பட்டியலும் அதேதான். முதல் முறை வாங்கிய இடத்தில் சில பாகங்கள் இருப்பில் இல்லாததால், இணையச் சந்தையில் பல விற்பனையாளர்களிடம் பிரித்து வாங்கியிருந்தார்.

இரண்டாவது பெட்டியில் மூன்று கோளாறுகள் தெரிந்தன. மெதுவாக மீட்டினால் ஒலி தெளிவாக இருந்தது. சற்று அழுத்தி மீட்டியதும் கரகரப்பு வந்தது. நிரல் மாற்றும் சுழல் என்கோடரை (கிளிக் கிளிக்காகத் திரும்பும் சுழல் சுவிட்சை) இரண்டு கிளிக் திருகினால்தான் ஒரு நிரல் நகர்ந்தது. அந்த என்கோடரின் குமிழை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை; முதல் பெட்டியில் அப்படி அழுத்தினால் நிரல் தொகுப்பு மாறும்.

சாலிடர் வேலை சுத்தமாக இருந்தது. மின்னழுத்தங்கள் எல்லாம் சரி. நண்பர் இரவெல்லாம் பலகையில் விரிசல் தேடிக்கொண்டிருந்தார். நான் கேட்டது பாகப் பட்டியலைத்தான். அதில் ‘டிஎல்072’, ‘சுழல் என்கோடர், அழுத்து சுவிட்சுடன்’, ‘குமிழ், 6 மி.மீ.’ என்று எழுதியிருந்தது. மூன்று கோளாறுகளும் அந்த மூன்று வரிகளிலேயே இருந்தன. பாகத்தின் பெயர் இருந்தது, பாக எண்ணின் வால், அதாவது துல்லியமான வகையைச் சொல்லும் கடைசி எழுத்துகளும் இலக்கங்களும், இல்லை. கையால் கட்டும் ஒலிக்கருவிகளில் காரணம் புரியாத கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த வாலிலிருந்துதான் பிறக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். இந்த ஆய்வு அதைப் பற்றியது.

பெட்டிக்குள் இருப்பவை

மையத்தில் இருப்பது எஃப்வி-1 என்ற ஒலிச் செயலி. ஸ்பின் செமிகண்டக்டர் நிறுவனத்தின் தயாரிப்பு. எம்எக்ஸ்ஆர், அலிசிஸ் என்ற இரண்டு பெயர்பெற்ற நிறுவனங்களைத் தொடங்கியவர்களில் ஒருவரான கீத் பார் உருவாக்கியது. அவர் 2010இல் மறைந்தார். 28 கால்கள் கொண்ட இந்தச் சிப் 3.3 வோல்ட்டில் இயங்கும். கைக்கடிகாரத்தில் இருக்கும் 32,768 ஹெர்ட்ஸ் படிகமே இதற்குப் போதும். ஒவ்வொரு ஒலி மாதிரிக்கும் 128 கட்டளைகளைச் செய்து முடிக்கும். ஏறத்தாழ ஒரு விநாடி ஒலியை நினைவில் வைத்துக்கொள்ளும். எட்டு நிரல்கள் உள்ளேயே பொதிந்திருக்கின்றன. இன்னும் எட்டை வெளியே ஈப்ரம் என்ற நினைவகச் சிப்பில் நாமே எழுதிவைக்கலாம். எந்த நிரல் ஓட வேண்டும் என்பதை மூன்று கால்கள் தீர்மானிக்கின்றன. மூன்று பொட்டென்ஷியோமீட்டர்களை (திருகி மாற்றும் மின்தடைகளை) நேராக இணைக்க மூன்று உள்ளீடுகளும் உண்டு.

இதற்கு முன்னும் பின்னும் ஒரு டிஎல்072 ஆப்-ஆம்ப் (ஒரே மாதிரியான இரண்டு பெருக்கிகள் கொண்ட சிப்) இருக்கிறது. ஒரு பாதி கிட்டாரின் ஒலியை வாங்கிக்கொள்கிறது. மறுபாதி பதப்படுத்திய ஒலியையும் மூல ஒலியையும் கலந்து வெளியே தருகிறது. என்கோடரைப் படித்து எஃப்வி-1இன் நிரல் கால்களை இயக்க ஒரு ஏடிமெகா328பி நுண்கட்டுப்படுத்தி. செயலியோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால் அதையும் 3.3 வோல்ட்டில், 8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட்டினார் நண்பர். இது நல்ல முடிவு. 16 மெகாஹெர்ட்ஸில் ஓட்ட அந்தச் சிப்புக்கு 3.3 வோல்ட் போதாது. பலர் ஓட்டுகிறார்கள், பெரும்பாலும் ஓடவும் செய்கிறது. ஆனால் உற்பத்தியாளரின் தரவுத்தாள் அதற்கு உத்தரவாதம் தரவில்லை.

கரகரப்பு: சிப்பின் மேல் அச்சிட்ட பெயர்

உச்சத்தில் வெட்டுப்படும் ஒலியை எல்லாரும் அறிவோம். இது அப்படி இல்லை. வெட்டுப்படும் அளவுக்கு ஒலி ஏறுவதற்கு வெகு முன்பே கரகரப்பு தொடங்கிவிட்டது. சைன் அலையைச் செலுத்தி அலைக்காட்டியில் பார்த்தபோது மேலும் கீழும் உள்ள முகடுகள் உருண்டையாகவே இருந்தன. அலையின் கீழ்ப்பாதியில் மட்டும், நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறு நெளிவு. வீச்சைக் குறைத்ததும் நெளிவு மறைந்தது.

இப்படி நெளியும் ஆப்-ஆம்ப் ஒன்று உண்டு, எல்எம்358. அதன் வெளியீட்டுப் பகுதி மின்னோட்டத்தைத் தள்ளுவதற்கு ஒரு டிரான்சிஸ்டர் அமைப்பையும் இழுப்பதற்கு வேறொன்றையும் பயன்படுத்துகிறது. சுமார் 50 மைக்ரோ ஆம்பியர் வரை அதன் உள்ளே இருக்கும் சிறிய மின்னோட்டக் கிணறு இழுத்துக்கொள்ளும்; அதற்கு மேல் போனால் மற்ற டிரான்சிஸ்டர் வேலைக்கு வர வேண்டும். அந்தக் கைமாற்றம் நடக்கும் இடத்தில்தான் நெளிவு. குறைந்த ஒலியில் 50 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டுவதில்லை, ஆகவே ஒலி தெளிவு. அழுத்தி மீட்டும்போது தாண்டிவிடுகிறது. அறிகுறி அப்படியே பொருந்துகிறது. ஆனால் பலகையில் இருந்த சிப்பின் முதுகில் டிஎல்072 என்றுதான் அச்சாகியிருந்தது.

சந்தேகத்தை உறுதிப்படுத்த எளிய வழி ஒன்று இருக்கிறது. ஆப்-ஆம்பின் வெளியீட்டிலிருந்து தரைக்கு 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தற்காலிகமாகத் தொடுத்தோம். 9 வோல்ட் வழங்கியின் பாதியான 4.5 வோல்ட் நிலையில் இருக்கும் வெளியீட்டிலிருந்து இந்த மின்தடை எப்போதும் 1 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் தள்ளும் டிரான்சிஸ்டர் ஓய்வெடுப்பதே இல்லை, கைமாற்றமும் நேர்வதில்லை. மின்தடையைத் தொட்டதும் நெளிவு போய்விட்டது, எடுத்ததும் வந்துவிட்டது. அசல் டிஎல்072இல் இந்த மின்தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அலையில் மாற்றம் தெரியாது.

சிப்பைக் கழற்றி, சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் ரொட்டிப்பலகையில் வைத்து மேலும் சோதித்தோம். இந்தச் சோதனைகளுக்கு அலைக்காட்டி தேவையில்லை, மல்டிமீட்டர் போதும். ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, மின்னோட்டம். இரண்டு பாதிகளையும் பின்தொடரும் சுற்றாக (உள்ளீட்டு மின்னழுத்தத்தை அப்படியே வெளியீட்டில் தரும்படி) இணைத்து, உள்ளீடுகளை நடு மின்னழுத்தத்தில் (4.5 வோல்ட்) வைத்து, 9 வோல்ட் வழங்கியில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய டிஎல்072 ஒரு பாதிக்குச் சுமார் 1.4 மில்லி ஆம்பியர், ஆக மொத்தம் 3 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். எல்எம்358 இரண்டு பாதிகளும் சேர்ந்து பொதுவாக 1 மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது, உள்ளீட்டுக் கசிவு. உள்ளீட்டுக்கும் நடு மின்னழுத்தத்துக்கும் இடையே 10 மெகா ஓம் மின்தடை ஒன்றை வைத்து, வெளியீடு நடு மின்னழுத்தத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்க வேண்டும். டிஎல்072இன் உள்ளீட்டில் இருப்பவை ஜேஃபெட் டிரான்சிஸ்டர்கள். அவற்றின் கசிவு பைக்கோ ஆம்பியர் கணக்கு. சில மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகாது. சாதாரண இருமுனை டிரான்சிஸ்டர் உள்ளீடு என்றால் கசிவு பத்துக்கணக்கான நானோ ஆம்பியர். 20 நானோ ஆம்பியரே 10 மெகா ஓமில் 0.2 வோல்ட் ஆகிவிடும். என்இ5532 போன்ற சிப் ஆனால் 200 நானோ ஆம்பியர் அளவில் இழுக்கும், வெளியீடு 2 வோல்ட் அளவுக்குக் குறைந்துவிடும். எல்லாச் சோதனைகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரே ஒரு மின்தடை, பதில் ஆயிரம் மடங்கு வித்தியாசத்தில் வருகிறது.

மூன்றாவது, உள்ளீட்டைத் தரையில் வைப்பது. எல்எம்358 ஒற்றை வழங்கியிலும் தரை வரை இறங்கும்படி அமைக்கப்பட்டது. வெளியீடும் ஏறத்தாழ பூஜ்யத்துக்குப் போகும். பழைய டிஎல்072இன் உள்ளீடு வழங்கியின் எதிர்முனைக்கு (இங்கே தரைக்கு) மிக அருகே போனால் கட்டம் தலைகீழாகி, வெளியீடு மேல்முனைக்குத் தாவிவிடும். எண்ணின் கடைசியில் ‘எச்’ சேர்த்து வரும் புதிய வார்ப்பில் இந்தத் தாவல் கிடையாது. அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி எந்தச் சிப்பையும் போலி என்று சொல்லிவிடக் கூடாது.

நண்பரின் சிப் மூன்றிலும் எல்எம்358 போலவே நடந்துகொண்டது. அலைக்காட்டி இருந்ததால் சதுர அலையும் செலுத்திப் பார்த்தோம். டிஎல்072இன் ஏறும் வேகம் மைக்ரோ விநாடிக்கு 13 வோல்ட். 5 வோல்ட் ஏற அரை மைக்ரோ விநாடி கூட ஆகாது. இது சாய்தளம் போல ஏறி 15 மைக்ரோ விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது.

டிஎல்072 ஒன்றும் அபூர்வமான சிப் அன்று. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1978இல் இருந்து தருகிறது, இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. அதற்கு ஏன் போலி என்று நண்பர் கேட்டார். எட்டுக்கால் இரட்டை ஆப்-ஆம்ப்களுக்கெல்லாம் கால் அமைப்பு ஒன்றே: எல்எம்358, 4558, என்இ5532, டிஎல்072 எல்லாம் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காரும். மீந்துபோன எந்தச் சிப்பின் முதுகையும் தேய்த்து, கறுப்புப் பூச்சுப் பூசி, கேட்கப்படும் பெயரை அச்சிட்டுவிட முடியும். அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்தால் சில நேரம் பூச்சு கையோடு வரும். வராவிட்டால் அசல் என்று ஆகிவிடாது. ஆகவேதான் மின் சோதனையை முன்னால் வைத்தேன்.

எஃப்வி-1 அசல்தான். அதை உறுதிசெய்வது இதைவிட எளிது, ஏனென்றால் அதன் உள்ளே நிரல்கள் இருக்கின்றன. நிரல் தேர்வுக் கால்களைத் தரையில் வைத்தால் முதல் உள்நிரலான கோரஸ்-ரிவெர்ப் கேட்க வேண்டும்; ஆறாவது நிலையில் ஒலியை மாற்றாமல் கடத்திவிடும் சோதனை நிரல் ஓட வேண்டும். வேறொரு சிப்பின் மேல் பெயரை அச்சிட்டு இதைச் செய்துகாட்ட முடியாது. உள்ளே சொந்த நிரல் கொண்ட சிப்களுக்கு இது ஒரு பாதுகாப்பு.

ஈப்ரம் பற்றி இரண்டு வரி போதும். எஃப்வி-1 கேட்பது 24எல்சி32. 128 கட்டளை, ஒவ்வொன்றும் 4 பைட், எட்டு நிரல், ஆக 4,096 பைட். ஒரு விற்பனையாளர் ‘இணையான பாகம்’ என்று 24சி16ஐ அனுப்பியிருந்தார். அதில் பாதி இடம்தான் உண்டு என்பதோடு, 16 கிலோபிட் வரையிலான ஈப்ரம்கள் ஒரு பைட் முகவரியையும் 32 கிலோபிட் முதல் இரண்டு பைட் முகவரியையும் எதிர்பார்க்கின்றன. ஒன்றுக்கு ஒன்று இணையே இல்லை. நிரலை எழுதும்போதே இது பிடிபட்டுவிட்டதால் பெட்டிக்குள் போகவில்லை.

இரண்டு கிளிக், ஒரு நகர்வு

சுழல் என்கோடருக்குள் ஒரு பொதுக் கால், ஏ, பி என்று இரண்டு தொடுபுள்ளிகள். திருகும்போது இரண்டும் சற்று முன்பின்னாக மூடித் திறக்கும். எது முந்துகிறது என்பதை வைத்துத் திசை தெரியும். ஏ, பி இரண்டும் ஒரு முழுச் சுற்று மூடித் திறந்தால் அது ஒரு துடிப்பு. அதற்குள் நான்கு நிலைகள் உண்டு. பொதுவாகக் கிடைக்கும் என்கோடர்களில் ஒரு திருப்புக்கு 24 அல்லது 20 கிளிக், அதே அளவு துடிப்பு. அதாவது ஒரு கிளிக்குக்கு நான்கு நிலைகள். நண்பரின் மென்பொருள் நான்கு நிலைகளை எண்ணி ஒரு நகர்வு என்று கொண்டது. முதல் பெட்டியில் சரியாகவே இருந்தது.

ஆனால் துடிப்பைப் போல இரண்டு மடங்கு கிளிக் தரும் வகையும் இருக்கிறது. ஆல்ப்ஸ் நிறுவனத்தின் இசி11 குடும்பத்தில் 30 கிளிக்குக்கு 15 துடிப்பு தரும் மாதிரி பரவலாகப் புழங்குகிறது. இதில் ஒரு கிளிக்குக்கு இரண்டு நிலைகள்தான். நான்கை எண்ணும் மென்பொருளுக்கு இரண்டு கிளிக் வேண்டும். இரண்டாவது பெட்டியில் இருந்தது இந்த வகை.

கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. மல்டிமீட்டரால் முடியும். மீட்டரைத் தொடர்ச்சி ஒலி நிலையில் வைத்து, பொதுக் காலுக்கும் ஏ காலுக்கும் முனைகளைத் தொடுத்து, கிளிக் கிளிக்காக மெல்லத் திருக வேண்டும். ஒவ்வொரு ஓய்விலும் ஒரே நிலை, திருகும் நடுவில் மட்டும் ஒரு ‘பீப்’ என்றால் ஒரு கிளிக்குக்கு ஒரு முழுத் துடிப்பு. ஒரு ஓய்வில் ஒலித்துக்கொண்டே இருந்து அடுத்த ஓய்வில் மௌனமானால் அது அரைத் துடிப்பு வகை. நண்பரின் கையிலிருந்தது ஒன்றுவிட்டு ஒன்று ஒலித்தது.

இதைப் பி காலில் செய்யக் கூடாது. ஓய்வு நிலையில் ஏ எப்படி இருக்கும் என்று ஆல்ப்ஸ் தரவுத்தாள் சொல்கிறது. பி எப்படி இருக்கும் என்பதை வரையறுக்க முடியாது என்றும் அங்கேயே குறிப்பிடுகிறது. பி மாறும் விளிம்பு ஓய்வுப் புள்ளிக்கு அருகிலேயே விழலாம். ஓய்வில் இருக்கும் குமிழை விரலால் லேசாகத் தொட்டாலே எண் குதிக்கிறது என்ற புகார் பல வீட்டுக் கருவிகளில் வருவதற்கு இது ஒரு காரணம். ஏயின் மாற்றத்தை அடிப்படையாக வைத்து, பியை அந்தக் கணத்தில் மட்டும் படிக்கும் மென்பொருள் இதிலிருந்து தப்பிவிடும்.

பாக எண்ணின் வால் எவ்வளவு பேசும் என்பதற்கு போர்ன்ஸ் நிறுவனத்தின் பிஇசி11ஆர்-4220எஃப்-எஸ்0024 நல்ல எடுத்துக்காட்டு. 4220இல் இரண்டாவது இலக்கமான 2 என்பது 24 கிளிக்கைக் குறிக்கிறது. அடுத்த 20, தண்டின் நீளம் 20 மி.மீ. ‘எஃப்’ என்றால் ஒரு பக்கம் தட்டையாக வெட்டிய தண்டு. அந்த இடத்தில் ‘கே’ வந்தால் பற்கள் உள்ள தண்டு. ‘எஸ்’ அழுத்து சுவிட்ச். 0024 துடிப்பு. இதே பாகம் 0012 என்ற வாலோடும் வருகிறது: அதே உருவம், அதே 24 கிளிக், துடிப்பு மட்டும் பாதி. கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்க்காமல் வாங்கினால் நண்பருக்கு நேர்ந்தது யாருக்கும் நேரும்.

இங்கே தீர்வுக்குப் பாகத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. மென்பொருளில் ஒரு கிளிக்குக்கு எத்தனை நிலை என்பதை ஒரு மாறிலியாக வைத்து, நான்கை இரண்டாக்கினோம். தொடுபுள்ளிகள் மூடித் திறக்கும்போது வரும் துள்ளலை அடக்க ஒவ்வொரு காலிலும் 10 கிலோ ஓம் இழு மின்தடை (தொடுபுள்ளி திறந்திருக்கும்போது காலை வழங்கி மின்னழுத்தத்தில் நிறுத்துவது), தொடராக இன்னொரு 10 கிலோ ஓம், தரைக்கு 10 நானோ ஃபாரட் மின்தேக்கி ஏற்கெனவே இருந்தன. போர்ன்ஸ் தரவுத்தாளே பரிந்துரைக்கும் அமைப்பு அது, பலகையிலேயே இடம் விட்டுவைப்பது நல்லது. மென்பொருள் மில்லி விநாடிக்கு ஒரு முறை படித்தால் போதும்: 24 துடிப்பு என்கோடரை விநாடிக்கு இரண்டு திருப்பு திருகினாலும் ஒரு நிலைக்கு 5 மில்லி விநாடி கிடைக்கிறது.

சிறு பலகையில் பொருத்தி ஐந்து முனைகளோடு விற்கப்படும் கேஒய்-040 என்கோடர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோதனைக்கு வசதி. ஆனால் பலவற்றில் ஏ, பி கால்களுக்குத்தான் இழு மின்தடை இருக்கும். சுவிட்சுக்கான இடம் காலியாக விட்டிருப்பார்கள். அழுத்தாமலேயே அழுத்தியதாகக் காட்டுகிறதென்றால் முதலில் அங்கே பாருங்கள்.

குமிழ்: அரை மில்லிமீட்டர் குறைவு

சிப்புக்குத் தரவுத்தாள் தேடுகிறவர்கள் குமிழுக்குத் தேடுவதில்லை. நிறம் பார்த்து வாங்குகிறோம். கருவியை எடுத்து வாசிப்பவரின் விரல் தொடும் பாகம் அதுதான் என்பதால் எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது.

முதல் பெட்டியின் என்கோடர் தண்டு தட்டையாக வெட்டிய 6 மி.மீ. வகை. இரண்டாவதில் வந்தது பிளவோடு கூடிய, 18 பற்கள் உள்ள தண்டு. தட்டை வெட்டுக்கான துளை கொண்ட குமிழ் அதில் ஏறாது. நண்பர் பக்கத் திருகாணி வைத்த அலுமினியக் குமிழ் ஒன்றை மாட்டியிருந்தார். அதன் துளை கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. திருகாணி தண்டை ஒரு பக்கமாகத் தள்ளுவதால் மையம் 0.175 மி.மீ. விலகிவிடும். கேட்பதற்கு ஒன்றுமில்லை போலத் தோன்றும் அளவு. ஆனால் குமிழின் விளிம்பு 0.35 மி.மீ. ஆடும், வெள்ளைக் கோடு வரைந்த குமிழில் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். பிளவுபட்ட தண்டில் திருகாணியை இறுக்கினால் இரண்டு பாதிகளும் நெருங்கும், கொஞ்ச நாளில் தளரவும் செய்யும். பிளவுக்குள் ஒரு மெல்லிய பித்தளைத் தகட்டைச் செருகிவிட்டு இறுக்கினால் தளராது. 6 மி.மீ. தண்டுக்கும் 6.35 மி.மீ. துளைக்கும் இடையே போடும் பித்தளை உறைகளும் கிடைக்கின்றன.

இனி அழுத்து சுவிட்ச் வேலை செய்யாத காரணம். இது முழுக்க முழுக்கக் கூட்டல் கழித்தல். என்கோடர் தண்டின் நீளத்தைப் பொருத்தும் முகத்திலிருந்து, அதாவது பெட்டியின் உள்பக்கத்தைத் தொடும் பரப்பிலிருந்து அளக்கிறார்கள். மறையிட்ட கழுத்தும் அந்த நீளத்தில் அடக்கம். தண்டு 20 மி.மீ., கழுத்து 7 மி.மீ. குமிழின் துளை ஆழம் 12 மி.மீ. தண்டின் நுனி துளையின் அடியைத் தொடும்படி மாட்டினால், துளையின் வாய் 20 இல் 12 போக 8 மி.மீ. உயரத்தில் நிற்கும், கழுத்தின் உச்சிக்கு மேல் 1 மி.மீ. இடைவெளி. இந்தக் குமிழின் வெளி விளிம்பு துளை வாயைவிட 5 மி.மீ. கீழே இறங்கி நட்டை மறைக்கிறது. ஆகவே விளிம்பு 3 மி.மீ. உயரத்தில். பெட்டியின் தகடு 2 மி.மீ. விளிம்புக்கும் தகட்டுக்கும் இடையே 1 மி.மீ.

முதல் பெட்டியின் சுவிட்ச் 0.5 மி.மீ. அழுத்தினால் மூடிக்கொள்ளும் வகை. 1 மி.மீ. தாராளம். ஆல்ப்ஸ் இசி11 வரிசையில் 1.5 மி.மீ. அழுத்தும் வகையும் உண்டு. இரண்டாவது பெட்டிக்கு வந்தது அந்த அழுத்தம் கொண்டது. குமிழ் தகட்டில் முட்டி நின்ற பிறகும் சுவிட்சுக்கு இன்னும் அரை மி.மீ. தேவைப்பட்டது. குமிழைக் கழற்றிவிட்டு வெறும் தண்டை அழுத்தியபோது தொகுப்பு மாறியது. நண்பர் அப்போதுதான் சிரித்தார்.

துளைக்குள் 1 மி.மீ. தடிமனுள்ள நைலான் வட்டு ஒன்றைப் போட்டுக் குமிழை உயர்த்தினோம். இடைவெளி 2 மி.மீ. ஆனது, சுவிட்ச் கிளிக் என்றது.

மூன்று பொட்டென்ஷியோமீட்டர்களில் சிக்கல் இல்லை. எஃப்வி-1 வெறும் மின்னழுத்தத்தைத்தான் படிக்கிறது என்பதால் நேர்கோட்டு வகை வேண்டும். ஆசிய உற்பத்தியாளர்களின் குறியீட்டில் அது ‘பி’, மடக்கை வகை ‘ஏ’. பழைய ஐரோப்பிய பாகங்களில் இந்த எழுத்துகள் வேறு பொருளில் வருவதுண்டு. சந்தேகமிருந்தால் தண்டை நடுவில் நிறுத்தி இரு பக்க மின்தடையையும் அளந்துவிடுவது நல்லது.

எங்கே வாங்குவது, எந்த வரிசையில்

இந்தப் பெட்டிக்குப் பிறகு நானும் நண்பரும் வாங்கும் முறையை மாற்றிக்கொண்டோம். முதலில் என்கோடரும் குமிழும். அவை கையில் வந்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, மேலே செய்த கூட்டல் கழித்தலை வெர்னியர் காலிப்பரால் சரிபார்த்த பிறகுதான் துளை வரைபடமும் பலகையும். பெரும்பாலானவர்கள் சிப்பிலிருந்து தொடங்கிக் குமிழில் முடிப்பார்கள். சிப்பை அடாப்டர் பலகையில் வைத்துச் சமாளிக்கலாம். துளையிட்ட பெட்டியை அப்படிச் சமாளிக்க முடியாது.

சிப்களை உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்களிடமே வாங்குகிறோம். டிஜி-கீ, மௌசர், ஃபார்னெல் போன்றவர்கள். அனுப்பும் செலவு கூடுதல்தான். ஆகவே பல கருவிகளுக்குத் தேவையானவற்றைச் சேர்த்து ஒரே முறை வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. டிஎல்072சிபி என்று முழுதாகக் கேட்க வேண்டும்: ‘சி’ வெப்ப வரம்பு, ‘பி’ ரொட்டிப்பலகையில் செருகக்கூடிய நீள்கால் உறை. ‘சிடி’ என்று முடிந்தால் அது பலகையின் மேல் ஒட்டும் சிறிய உறை. ஏடிமெகா328பி-பியு வாங்க நினைத்து நடுவில் உள்ள ‘பி’ இல்லாத 328ஐ வாங்கினால், அதன் அடையாள எண் வேறு. மென்பொருளை ஏற்றும் கருவி மறுத்துவிடும்.

விநியோகஸ்தரின் பக்கத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் ஆயுள் நிலை இருக்கும்: தயாரிப்பில் இருக்கிறது, புதிய வடிவமைப்புக்குப் பரிந்துரை இல்லை, கடைசி வாய்ப்பு, நிறுத்தப்பட்டது. ஒலிக்கருவி கட்டுகிறவர்கள் இதை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நாம் விரும்பும் பல சுற்றுகள் பழையவை. ஜே201 ஜேஃபெட்டை நீள்கால் உறையில் தயாரிப்பதைப் பெரிய உற்பத்தியாளர்கள் நிறுத்திவிட்டார்கள். அதே டிரான்சிஸ்டருக்கு எம்எம்பிஎஃப்ஜே201 என்ற பெயரில் சிறிய உறை வடிவமும் உண்டு. நீள்கால் உறையில் ‘பழைய இருப்பு’ என்று யாராவது விற்றால், சிறிய உறையை அடாப்டரில் ஒட்டிக்கொள்வதே நிம்மதி.

அனலாக் எக்கோ சிப்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மின்னூட்டத்தைப் படிப்படியாகக் கைமாற்றி ஒலியைத் தாமதப்படுத்தும் பக்கெட் பிரிகேட் என்ற முறையை 1969இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். பின்னர் மட்சுஷிடா நிறுவனம் எம்என்3007, எம்என்3005 என்று ஒரு வரிசையையே தந்தது. 4,096 படிகள் கொண்ட எம்என்3005 எக்கோ பெட்டிகளின் உயிர்நாடியாக இருந்தது. தயாரிப்பு நின்றதும் அந்தப் பெயரை முதுகில் சுமந்த போலிகள் பெருகின. இன்று கூல்ஆடியோவின் வி3205, வி3207 போன்றவை புதிதாகவே வருகின்றன. ஒரு புதிய பெட்டியை வடிவமைக்கிறவர் தயாரிப்பில் இருக்கும் சிப்பைச் சுற்றியே அதைக் கட்ட வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். பழைய சிப்பின் ஒலியை நேசிப்பவர்களை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெட்டி பழுதானால் பத்து ஆண்டு கழித்துப் பழுது பார்ப்பவருக்கும் ஒரு பாகம் கிடைக்க வேண்டும்.

என்கோடரும் குமிழும் இணையச் சந்தையில் வாங்கினால் பெரிய ஆபத்து இல்லை, முன்னால் ஒரே ஒரு மாதிரி வரவழைத்துப் பார்த்தால். குமிழைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்: துளை எவ்வளவு ஆழம், நட்டு உட்காரக் குழிவு இருக்கிறதா, உள்ளே எத்தனை பல். விற்பனைப் படங்களில் அடிப்பக்கத்தைக் காட்டும் விற்பனையாளரை நான் கூடுதலாக நம்புகிறேன்.

நண்பரின் பாகப் பட்டியலில் இப்போது அந்த மூன்று வரிகள் நீண்டுவிட்டன. ஆப்-ஆம்ப் வரியில் உற்பத்தியாளர் பெயரும் முழு எண்ணும் இருக்கின்றன. என்கோடர் வரியில் கிளிக், துடிப்பு, தண்டு வகை, தண்டு நீளம், கழுத்து நீளம், சுவிட்சின் அழுத்தம் எல்லாம் தனித்தனியே. குமிழ் வரியில் துளை வகை, விட்டம், ஆழம், விளிம்பின் இறக்கம். இரண்டாவது பெட்டியில் அசல் டிஎல்072 ஏறிவிட்டது. கழற்றிய எல்எம்358ஐ அவர் எறிந்துவிடவில்லை. அதன் முதுகிலிருந்த பொய்ப் பெயரைச் சுரண்டிவிட்டு, வெள்ளை மையால் சரியான பெயரை எழுதி, ஒரு மின்னழுத்த ஒப்பீட்டுச் சுற்றில் பயன்படுத்திக்கொண்டார். அந்த வேலைக்கு அது போதும்.